ஆசிரியர் பேசினால் விதி, நிருபர் எழுதினால் வழக்கு: வகுப்பறைக் கதையை யார்தான் சொல்வது?

மூன்றாம் வகுப்புக் குழந்தையால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறதா? 'அசர்' ஆய்வுக்குழு கிராமங்களில் வீடு வீடாகப் போய் இதைச் சோதித்துப் பார்க்கிறது. 2024 அறிக்கையின்படி, நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் படிக்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 சதவீதம் பேரால்தான் அப்படி வாசிக்க முடிந்தது. 2022-ல் இது 16.3 சதவீதம். ஏறியிருக்கிறது, சந்தோஷம். ஆனாலும் நாலு பேரில் மூணு பேரால் இன்னும் முடியவில்லை.

சரி, நம்பர் தெரிந்துவிட்டது. ஏன் முடியவில்லை? ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துகிறாரா? வீட்டில் பேசும் மொழி ஒன்று, புத்தகத்து மொழி வேறா? பாட நேரத்தில் டீச்சர் செல்போன் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டு இருக்கிறாரா? இதற்கெல்லாம் எந்த ஆய்வறிக்கையும் முழு பதில் தராது. தினமும் அந்த அறையில் நிற்கும் ஆசிரியருக்குத் தெரியும். அங்கே போய் உட்கார்ந்து பார்க்கும் நிருபருக்குப் பாதி தெரியும். இந்த இரண்டு பேரும் எழுதினால்தான் நமக்குத் தெரியும்.

அவர்கள் எழுத முடிகிறதா என்பதுதான் கேள்வி.

ஆசிரியருக்கு என்ன தடை?

அரசுப் பள்ளி ஆசிரியர் ஓர் அரசு ஊழியர். அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. மத்திய அரசுப் பணியாளர்களுக்கு 1964-ல் வந்த விதிகள், தமிழ்நாடு அரசுப் பணியாளர்களுக்கு 1973-ல் வந்த விதிகள். அரசின் கொள்கையையும் நடவடிக்கையையும் பொதுவெளியில் விமர்சிக்கக் கூடாது என்பது இவற்றின் பொதுவான சாரம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மத்திய அரசின் 9-வது விதி, அரசுக்குப் பாதகமான விமர்சனமாகக்கூடிய 'கருத்து'க்கு மட்டும் தடை போடவில்லை. அப்படிப்பட்ட 'உண்மைத் தகவல்'களுக்கும் சேர்த்தே தடை போடுகிறது. அதாவது, "இந்தத் திட்டம் மோசம்" என்பது மட்டுமல்ல, "என் வகுப்பில் இத்தனை குழந்தைகளுக்கு இன்னும் புத்தகம் வரவில்லை" என்பதும் சிக்கலாகலாம். முதல் வாக்கியம் அபிப்பிராயம். இரண்டாவது, அந்த ஆசிரியரைத் தவிர வேறு யாரும் அவ்வளவு சரியாகச் சொல்ல முடியாத தகவல்.

இந்த விதிகளில் நியாயமே இல்லையா? இருக்கிறது. வகுப்பறையில் நிற்பவர் ஒரு கட்சியின் பேச்சாளராக மாறிவிடக் கூடாது. எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையும் அவரை நம்பிப் படிக்க வேண்டும். ஆனால் கட்சி அரசியல் பேசுவதும், கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதும் ஒன்றா?

தனியார் பள்ளி ஆசிரியர் நிலைமை வேறு. அவருக்கு இந்த விதிகள் கிடையாது. வேலைப் பாதுகாப்பும் பெரும்பாலும் கிடையாது. வாயைத் திறந்தால் அடுத்த கல்வியாண்டில் இடம் இருக்குமா என்ற பயமே அவருக்குப் போதும்.

கோர்ட் என்ன சொல்கிறது?

அரசு வேலையில் சேர்ந்துவிட்டார் என்பதற்காக ஒருவர் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை. பீகார் அரசு ஊழியர்கள் சம்பந்தப்பட்ட காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே இதைச் சொல்லிவிட்டது. ஊழியர்கள் எந்த ஆர்ப்பாட்டமும் நடத்தக் கூடாது என்ற விதியையும் ரத்து செய்தது.

2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம் இன்னும் நெருக்கமான ஒரு வழக்கைப் பார்த்தது. அரசியல் கூட்டத்துக்குப் போனதற்காகவும் ஃபேஸ்புக்கில் பதிவு போட்டதற்காகவும் மீன்வளத் துறை ஊழியர் ஒருவர் மீது துறை நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு, விதிகளின் எல்லைக்குள் நின்று தன் நம்பிக்கைகளைச் சொல்லலாம் என்றது.

ஆக, சட்டம் ஆசிரியரின் வாயை முழுசாகப் பூட்டவில்லை. ஆனால் எந்த ஆசிரியரும் உயர் நீதிமன்றம் வரை போய் ஜெயித்துவிட்டு வந்து எழுத முடியாது. ஒரு 'விளக்கம் கேட்டு நோட்டீஸ்' போதும்; அடுத்த பத்து வருஷத்துக்கு அந்தப் பள்ளியில் யாரும் பேச மாட்டார்கள்.

அப்போ நிருபர் எழுதலாமே?

எழுதலாம். எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரைப் பார்க்கலாம். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் மதிய உணவாக ரொட்டியும் உப்பும் சாப்பிடுவதை பவன் ஜெய்ஸ்வால் என்ற உள்ளூர் நிருபர் வீடியோ எடுத்தார். நாடே பார்த்தது. அடுத்து வந்தது அவர் மீதே வழக்கு: சதி, மோசடி. புகார் கொடுத்தவர் கல்வித் துறை அதிகாரி. அச்சுப் பத்திரிகை நிருபர் ஏன் வீடியோ எடுக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் கேட்டதும் அப்போது செய்தியானது. அதே ஆண்டு டிசம்பரில் போலீஸ் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்கியது. நடுவில் போன மாதங்களை யார் திருப்பித் தருவது?

பழி முழுக்க அரசு மேல் மட்டும் போட முடியாது. ஊடகங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் எப்போது வருகின்றன? ஜூனில் பள்ளி திறக்கும்போது, ரிசல்ட் வரும்போது, ஏதாவது விபரீதம் நடக்கும்போது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் 'மாநிலத்தில் முதலிடம்' என்ற ரேங்க் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்தியது. அதுவரை ஒவ்வொரு வருஷமும் முதல் பக்கத்தில் ஒரு சில முகங்கள் சிரித்தன. மற்ற லட்சக்கணக்கான பிள்ளைகளின் பள்ளிக்கூடம் செய்தியாகவே இல்லை. அந்தப் பழக்கத்தை மாற்றியது அரசாணை. ஊடகங்கள் தாங்களாக மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு விலை உண்டு. 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஓலைக் கூரை, குறுகலான படிக்கட்டு, ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள். இதையெல்லாம் கண்டுபிடிக்க விசாரணை ஆணையம் தேவையில்லை. உள்ளே போய் வந்த யாருக்கும் கண்ணில் படும். ஆனால் நாம் அதைப் படித்தது ஜூலை 17-ம் தேதிதான்.

எழுதினால் என்ன மாறும்?

கல்வியைப் பற்றி உலகம் மறக்காத புத்தகங்களில் பல, வகுப்பறையில் நின்றவர்கள் எழுதியவை. குஜராத்தின் கிஜுபாய் பதேகா 1932-ல் எழுதிய 'திவாஸ்வப்னா', தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் இன்றும் ஆசிரியர்கள் கைமாற்றிப் படிக்கும் புத்தகம். அடியும் மனப்பாடமும் இல்லாமல் ஒரு வகுப்பை நடத்த முடியுமா என்று கேட்ட கதை அது.

அமெரிக்காவில் ஜோனதன் கோஸல் பாஸ்டனின் அரசுப் பள்ளியில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவர். பாடத்திட்டத்தில் இல்லாத, லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதை ஒன்றை வகுப்பில் வாசித்ததற்காக 1965-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தப் பள்ளியில் கண்டதை 1967-ல் புத்தகமாக எழுதினார். அடுத்த ஆண்டு அதற்கு அமெரிக்காவின் தேசிய புத்தக விருது கிடைத்தது. கவனியுங்கள், வேலை போன பிறகுதான் அந்தப் புத்தகம் வந்தது. வேலையில் இருந்துகொண்டே எழுத வழி இருந்தால், வேறு எத்தனை வகுப்பறைகளின் கதை நமக்குக் கிடைத்திருக்கும்?

அதற்காக எல்லாத்தையும் எழுதிடலாமா?

கூடாது. இங்கே ஆசிரியருக்கும் நிருபருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: குழந்தை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு ஆசிரியை தன் மாணவர்களை ஏளனம் செய்து இணையத்தில் எழுதி வந்தார். 2011-ல் அது வெளியே தெரிந்து பெற்றோர் கொதித்தார்கள். பின்னர் வேலையும் போனது. பேச்சுரிமை என்று அவர் வழக்குப் போட்டார். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நிற்கவில்லை. தன்னைக் கேலி செய்யும் டீச்சரிடம் எந்தப் பிள்ளை சந்தேகம் கேட்கும்?

நம் சட்டமும் இதில் தெளிவு. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி மட்டுமல்ல, பள்ளியின் பெயரையும் வெளியிடக் கூடாது என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. சட்டம் தொடாத இடங்களிலும் இதே கவனம் வேண்டும். அ, ஆ எழுதத் திணறும் குழந்தையை வீடியோ எடுத்து 'கல்வியின் லட்சணம் பாருங்க' என்று போடுவது கல்விச் செய்தி இல்லை. கேள்வி கேட்க வேண்டியது அமைப்பை; அவமானப்படுவது அந்தக் குழந்தை. பத்து வருஷம் கழித்தும் அந்த வீடியோ தேடினால் கிடைக்கும்.

என்ன செய்யலாம்?

ஒன்று: நடத்தை விதிகளில் ஒரு கோடு தெளிவாகப் போட வேண்டும். கட்சி அரசியலுக்குத் தடை இருக்கட்டும். தன் பணி சார்ந்த உண்மைத் தகவலை, குழந்தையின் அடையாளம் இல்லாமல், 'இது என் சொந்தக் கருத்து' என்ற குறிப்போடு எழுதும் ஆசிரியருக்கு நோட்டீஸ் வராது என்று அரசு எழுத்தில் உறுதி தர வேண்டும்.

இரண்டு: கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அங்கே ஆசிரியர் சொல்லும் குறைகள் பதிவாகி, அந்தப் பதிவு ஊருக்குத் தெரியும்படி ஒட்டப்பட வேண்டும். வெளியே போய்ச் சொல்ல வேண்டிய தேவையே பாதி குறையும்.

மூன்று: ஊடகங்கள் கல்விக்கென்றே நிருபர்களை வைக்க வேண்டும். ரிசல்ட் நாளில் மட்டும் இல்லாமல், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையிலும் அவர்கள் பள்ளிக்குப் போக வேண்டும். தகவல் தந்த ஆசிரியரின் பெயரைக் காப்பாற்ற வேண்டும்.

நான்கு, நமக்கு: ஒரு ஆசிரியர் தன் பள்ளியின் குறையைச் சொன்னால், 'சம்பளம் வாங்குறாங்கல்ல, ஒழுங்கா வேலையைப் பார்க்கட்டும்' என்று கமென்ட் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். குறையைச் சொல்வதும் அவர் வேலையின் பகுதிதான்.

நம் பிள்ளைகள் ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் இருக்கும் அறை அது. அதற்குள் என்ன நடக்கிறது என்பதை அறிக்கையில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் நல்லதில்லை. அரசுக்கும்கூட.