யாருடைய சம்மதம்?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது வியாதி முற்றிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். டாக்டர் நோயாளியைப் பரிசோதிப்பார். "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று முதுகில் தட்டிக்கொடுப்பார். பிறகு வெளியே வந்து மூத்த பிள்ளையிடம் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொல்வார். பிள்ளை மாப்பிள்ளையிடம் சொல்வார்; மாப்பிள்ளை மாமாவிடம் சொல்வார். கடைசியில் அடுத்த வீட்டுக்காரருக்குங்கூடத் தெரிந்துவிடும். தெரியாதவர் ஒருவர்தான். அவர் வியாதிக்காரர்!

இதெல்லாம் அன்பினால் நடக்கிற காரியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்பு இருப்பதனாலேயே ஒருவருடைய தேகத்தின் மேல் மற்றொருவருக்கு அதிகாரம் வந்துவிடுமா? இந்தக் கேள்வி நம் தேசத்தின் சுப்ரீம் கோர்ட் வரையில் சென்றதுண்டு.

1995-ஆம் வருஷத்தில் ஒரு பெண்மணி, மாதவிலக்கு நாள் கணக்கில் நிற்காததனால் ஒரு வைத்தியசாலைக்குச் சென்றார். மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் குழாய்க் கருவியைச் செலுத்திச் சோதிப்பதற்குக் கையெழுத்திட்டார். கர்ப்பப்பையை எடுப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அவர் நினைவிழந்திருந்தபோது உதவி டாக்டர் வெளியே வந்து, காத்திருந்த தாயாரிடம் சம்மதம் பெற்றார். கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன.

2008-ஆம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. டாக்டர் கெட்ட எண்ணத்துடன் நடந்துகொண்டதாக நீதிபதிகள் கூறவில்லை. நோயாளியின் நன்மையை உத்தேசித்தே செய்தார் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆயினும், வயது வந்து சித்த சுவாதீனத்துடன் உள்ள ஒருவருக்காகப் பெற்ற தாயார்கூடச் சம்மதம் தர இயலாது என்றார்கள். தாமதித்தால் உயிருக்கோ ஆரோக்கியத்துக்கோ கேடு நேருமானால் மட்டும் விதிவிலக்கு உண்டு. இங்கே அத்தகைய அவசரம் இருக்கவில்லை. ஆகவே, டாக்டருக்குக் கட்டணம் பெறும் உரிமை இல்லை என்றும், 25,000 ரூபாய் நஷ்ட ஈடு தரவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

தொகை சிறிதுதான், தத்துவம் பெரிது. வைத்தியத்துக்கு அடிப்படையான நான்கு தர்மங்களைப் பீச்சம், சில்ட்ரெஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1979-ஆம் வருஷத்தில் ஒரு நூலில் தொகுத்துச் சொன்னார்கள். நோயாளியின் தீர்மானத்தை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், எல்லோரையும் நியாயமாக நடத்துதல் என்பவையே அவை. மேற்படி வழக்கில் இரண்டாவது தர்மத்தை நிறைவேற்றும் உற்சாகத்தில் முதலாவது தர்மம் மறக்கப்பட்டது. நன்மை செய்கிறோம் என்ற எண்ணம் மட்டும் போதாது. அந்த நன்மையை ஏற்றுக்கொள்ளலாமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் நோயாளியே அல்லவா?

கையெழுத்து விஷயத்திலும் அத்தீர்ப்பு தெளிவாகவே பேசுகிறது. செய்யப்போகும் சிகிச்சை எத்தகையது, எதற்காக, அதனால் விளையும் நன்மை என்ன, அபாயம் என்ன, வேறு வழி உண்டா, சிகிச்சையே வேண்டாமென்றால் என்ன நேரும் என்பவற்றை முன்கூட்டியே விளக்க வேண்டும். ஆனால், நம்மில் எத்தனை பேர் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்க்கிறோம்? "இங்கே ஒரு கையெழுத்து" என்று விரல் காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம். ரேழியில் நின்று புடவைக்குப் பேரம் பேசும்போது நாம் கேட்கும் கேள்விகளில் பாதியையாவது ஆஸ்பத்திரியில் கேட்கலாம், தப்பில்லை.

"உண்மையைச் சொன்னால் அம்மாவின் மனம் உடைந்துவிடுமே!" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான பயந்தான். ஆனால் அம்மாவுக்கும் சில காரியங்கள் பாக்கி இருக்கலாம். தூரதேசத்திலுள்ள பெண்ணை ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கலாம். ஆபரேஷன் வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லும் எண்ணமும் இருக்கலாம். ஒன்றும் தெரியாமல் இருப்பவர் எதைத்தான் தீர்மானிப்பார்?

"எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், எல்லாம் பிள்ளை பார்த்துக்கொள்வான்" என்று அவரே சொன்னால், அதுவும் அவருடைய தீர்மானந்தான், அதையும் மதிக்க வேண்டியதே. ஆனால் அப்படிச் சொல்கிறாரா என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும். டாக்டர் வெளியே வந்து பேச ஆரம்பிக்கும்போது, "அவரையும் வைத்துக்கொண்டே பேசலாமா, டாக்டர்?" என்று கேட்கும் தைரியம் வீட்டில் ஒருவருக்காவது வரட்டும் என்பதே நமது கோரிக்கை.