ஏழேகால் பஸ்

முறத்தில் நெத்திலியைப் பரப்பி வெயிலில் வைத்துவிட்டு, காக்கை விரட்டப் பேரனை உட்காரவைத்திருந்தேன். அவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து, "அமோ, அமாஸ், அமாட்" என்று எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தான். என்ன பாஷைடா இது என்றேன்.

"லத்தீன், அம்மாச்சி. அமோன்னா நான் நேசிக்கிறேன்."

அவன் நேசித்து முடிப்பதற்குள் காக்கை இரண்டு நெத்திலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மீமிசலில் இருந்துகொண்டு விடியற்காலையில் மதரஸா பிள்ளைகள் ஓதும் அரபி கேட்டிருக்கிறேன். கல்யாணராமர் கோயிலில் சமஸ்கிருதம் கேட்டிருக்கிறேன். வெளிநாட்டில் பிழைத்து லீவில் வரும் சபுராளிகள் பேச்சில் மலாயும் வந்து விழும். லத்தீன் எங்கள் தெருவுக்குப் புதுசு. எல்லாம் அறந்தாங்கியில் சனிக்கிழமை நடக்கிற கூட்டத்தின் வேலை. ஒரே ஒரு தடவை விருந்தாளியாகப் போய்வந்ததற்கே இந்தப் பாடு. அதில் பிள்ளைகளை முறையாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் மூன்று வாரமாக எங்கள் வீட்டுப் பிரச்சினை.

முன்கதை சுருக்கமாக. என் மகளும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் 2021-ல் ஷார்ஜாவிலிருந்து ஊர் திரும்பினார்கள். மாப்பிள்ளை அங்கேயே இருக்கிறார். பெரியவனை ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தாள். இரண்டாம் மாதத்திலிருந்து வேன் ஹாரன் கேட்டாலே பிள்ளை வாந்தி எடுத்தான். பள்ளியின் பேர் வேண்டாம், விடுங்கள். "ஒரு வருஷம் வீட்டுல இருக்கட்டும்மா" என்றாள். அந்த ஒரு வருஷம் மூன்றாகி, சின்னவளும் அண்ணனோடு வீட்டிலேயே தங்கிவிட்டாள். 31 வருஷம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக வருகைப் பதிவேடு எடுத்தவள் நான். பழைய மாணவர்கள் பைக்கை நிறுத்தி, "டீச்சர், பேரன் எந்த ஸ்கூல்?" என்று கேட்டால் உடனே மீன் விலையைப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

அறந்தாங்கியில் ஆறு குடும்பம். எல்லாரும் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பவர்கள். அதில் ஒரு குடும்பம் அமெரிக்காவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தது. அங்கே 1997-ல் லீ போர்டின்ஸ் என்ற அம்மாள் தொடங்கிய ‘கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ்’ என்றொரு முறை இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் பல வீட்டுப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் கூடுவார்கள். மீதி நாளெல்லாம் அவரவர் வீட்டில் அம்மா அப்பாதான் வாத்தியார். சிறு பிள்ளைகளுக்கு வருஷத்தில் 24 வாரம், எல்லாமே மனப்பாடம்: சரித்திர வரிசை, வாய்பாடு, அறிவியல் வரையறை, லத்தீன் விகுதி. அதைப் பார்த்து, அந்தப் பேரையெல்லாம் வைத்துக்கொள்ளாமல், அறந்தாங்கியில் சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டு முன்கூடத்தில் உட்காருகிறார்கள்.

இந்த மாதிரிப் பாடத்துக்கெல்லாம் மூலம் என்று அவர்கள் காட்டுவது 1947-ல் ஆக்ஸ்போர்டில் டோரதி சேயர்ஸ் ஆற்றிய ஓர் உரை. சேயர்ஸ் துப்பறியும் கதை எழுதியவர்! ஐரோப்பாவின் பழைய பள்ளிகளில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்ற மூன்றைத்தான் முதலில் கற்பித்தார்கள், அந்த மூன்றும் பிள்ளை வளர்கிற மூன்று பருவத்துக்கும் பொருந்தும் என்பது அவர் வாதம். முதல் பருவத்துக்கு அவர் வைத்த பேர் கிளிப் பருவம். சின்ன வயசில் சொன்னதைச் சொல்வதில் பிள்ளைக்கு ஒரு குஷி இருக்கிறது, அந்தக் குஷி வற்றுவதற்குள் கொட்ட வேண்டியதைக் கொட்டிவிடு என்கிறார். நம் ஊரில் ‘கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறான்’ என்பது வசவு. நானே எத்தனை பிள்ளைகளை அப்படித் திட்டியிருக்கிறேன்! இதைப் படித்த அன்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் கிளிப் பருவத்தைக் கண்டுபிடிக்க ஆக்ஸ்போர்டு வரை போக வேண்டியதில்லை. எங்கள் தெருக்கோடியில் கணக்குப்பிள்ளைத் தாத்தா ஒருவர் இருந்தார். அறுபதுகளின் கடைசி. சாயந்தரம் அவர் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பையன்கள் உட்கார்ந்து எண்சுவடி சொல்வார்கள். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று குரல் இறங்கிக்கொண்டே போகும். காணி என்றால் 80-ல் ஒரு பங்கு, முந்திரி 320-ல் ஒரு பங்கு. கடலைக் கடையில் கால்படி அளக்கும்போது அந்தப் பையன்களின் உதடு தானாக அசையும். நான் திண்ணையில் ஏறக் கூடாது. பெண்பிள்ளை என்பது ஒரு காரணம். எங்கள் தெரு எது என்பது இன்னொரு காரணம். எதிரே வேப்பமரத்தடியில் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்பேன். மாகாணி வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே குரல் தேய்ந்துவிடும், காதில் விழாது. இன்றைக்கும் எனக்குக் கீழ்வாய் இலக்கம் என்கிற அந்தப் பின்னக் கணக்கு மாகாணியோடு சரி.

திண்ணைப் பள்ளிக் கணக்கைப் பற்றிச் செந்தில்பாபு என்ற ஆய்வாளர் பல வருஷம் உழைத்து எழுதியிருக்கிறார். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று அங்கே மனப்பாடம் செய்ததெல்லாம் வெறும் உரு இல்லை. நெல் அளக்க, நிலம் அளக்க, கூலி பிரிக்க, மனசே கணக்குக் கருவியாக இருந்தது என்கிறார். சரிதான். ஆனால் அந்தக் கருவி யார் கைக்குக் கிடைத்தது?

சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் ஒவ்வொரு கலெக்டரிடமும் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று 1826-ல் தொகை போட்டார். தரம்பால் 1983-ல் அந்தப் பழைய காகிதங்களைப் புத்தகமாக்கியபோது அதில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. சென்னைப் பட்டணத்தில் பள்ளிக்குப் போனவர்கள் 5,523. வீட்டிலேயே படித்தவர்கள் 26,963. ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு! எண்ணில் ஏதோ பிசகு இருக்கும் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். வீட்டுப் படிப்புக்காரர்கள் இந்தப் புள்ளிவிவரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பாருங்கள், இதுதான் நம் மரபு என்பார்கள். என் மகளும் சொன்னாள். நான் அந்த அட்டவணையின் அடுத்த பத்தியைக் காட்டினேன். 26,963 பேரில் பெண்கள் 517.

அதனால்தான் எனக்குப் பள்ளிக்கூடம் என்ற கட்டடத்தின்மேல் இத்தனை பாசம். ஓடு போட்ட ஊராட்சிப் பள்ளி, மதியம் ஒரு தட்டுச் சோறு. சோற்றுக்காகத்தான் எங்கள் அம்மா அனுப்பியது. எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். என்னை உள்ளே வா என்று சொன்ன ஒரே இடத்தைவிட்டு என் பேரப்பிள்ளைகள் வெளியே நிற்பதை எப்படித்தான் ஜீரணிப்பது?

இதற்கு மகள் வைத்திருக்கும் பதில் உ.வே. சாமிநாதையர். தமிழாசிரியையின் மகள் அல்லவா, அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கிறாள். உத்தமதானபுரத்துப் பையனுக்குத் தமிழ்மேல் பைத்தியம் என்று தெரிந்ததும், அப்பா வேங்கடசுப்பையர் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு அரியலூர், குன்னம், செங்கணம் என்று வாத்தியாரைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் படிப்புக்குக் கட்டடமும் இல்லை, மணியும் இல்லை. குரு போகிற ஊரே பள்ளிக்கூடம். அப்படிப் போன ஊர்களில் ஒன்று எங்கள் தாலுகாத் தலைநகரம் ஆவுடையார்கோயில். அந்த ஊருக்கான திருப்பெருந்துறைப் புராணம் பாடப் பிள்ளையவர்கள் அங்கே வந்து தங்கினார். கூடவே வந்த சாமிநாதையரை ஜுரம் பிடித்துக்கொண்டது, படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்துக் கொசுவுக்கும் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம் உண்டு.

மகள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். சாமிநாதையர் வீட்டில் அப்பா இருந்தார், ஏடு இருந்தது, ஆசையும் இருந்தது. பிறகு எதற்கு மாயூரம்? குரு ஒரு காரணம். இன்னொன்று, கூடப் படித்தவர்கள். உடன் மாணவர் சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அதே பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர்தான். ஒருவன் தப்பாகச் சொன்னால் இன்னொருவன் சிரிப்பான், அந்தச் சிரிப்புக்குப் பயந்து நாளைக்குச் சரியாகச் சொல்வான். தனி வீட்டில் இது நடக்காது.

அறந்தாங்கிக்கு நானும் ஒரு சனிக்கிழமை போனேன். குறை சொல்ல வேண்டும் என்ற முடிவோடுதான் போனேன். நிறையக் குறை கிடைத்தது. சரித்திர வரிசை எகிப்தில் தொடங்கி ரோமுக்குப் போய், அங்கிருந்து கொலம்பஸ் கப்பலில் ஏறிவிட்டது. பாண்டியன் இல்லை, சோழன் இல்லை. தமிழ் என்பது பிள்ளைகள் சோறு கேட்க மட்டும் பயன்பட்டது. எட்டு வேற்றுமை தெரியாத பிள்ளைக்கு லத்தீன் வேற்றுமை எதற்கு என்று கேட்டே விட்டேன். அமெரிக்கா போய்வந்த அம்மாள் சிரித்துக்கொண்டு, "நீங்களே வந்து சொல்லிக்கொடுங்களேன் டீச்சர்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆனால் மூன்று நிமிஷப் பேச்சு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டால் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் என் பேரன் எழுந்தான். இறால் பண்ணைத் தண்ணீரில் ஏன் சக்கரம் சுற்றுகிறது என்று சொன்னான். கை நடுங்கியது. காற்று கலக்காவிட்டால் இறால் செத்துப்போகும் என்றபோது, ஒரு சின்னப் பெண் "அப்போ கடல்ல யாரு சக்கரம் சுத்துறா?" என்று கேட்டாள். பிள்ளை திகைத்துப்போனான். பிறகு, "அலை" என்றான். நான் அவனுக்கு அலையைப் பற்றிப் பாடம் எடுத்ததே இல்லை. அந்தக் கேள்வியை நானோ அவன் அம்மாவோ கேட்டிருக்க மாட்டோம். அடுத்த வீட்டுப் பிள்ளைதான் கேட்கும்.

பஸ்ஸில் திரும்பும்போது லத்தீன்மேல் இருந்த கோபமும் கொஞ்சம் தணிந்தது. 1898-ல் நம் புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசு கிடைத்தது. அத்தனையிலும் லத்தீன் எழுத்துதான். பெரும்பாலான காசுகளில் அரசன் தலைமேல் யாரோ உளியால் ஒரு வெட்டுப் போட்டுவிட்டிருந்தார்கள். நம் பக்கத்துக்கு லத்தீன் வந்து இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. பேரன் படிக்கட்டும், ஆனால் ரோம் வரும்போது கறுக்காக்குறிச்சியும் வர வேண்டும்.

சட்டத்தையும் பார்த்தேன். பழைய புத்தி. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை சொல்லவில்லை. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால்தான் ஒரு லட்சம் வரை அபராதம். அதனால் வாரம் ஒருநாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், போர்டு மாட்டாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத பன்னிரண்டரை வயசு முடிந்திருக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14. பேரனுக்கு இப்போது பத்து. பரீட்சைக்குக் காலம் இருக்கிறது.

அந்த ஆறு குடும்பத்துக்கும் கார் இருக்கிறது என்பதுதான் எனக்குக் கடைசி வரை உறுத்தியது. நல்ல மனிதர்கள்தான், ஆனாலும் எல்லாரும் ஒரே மாதிரி. ஒரே மாதிரிப் பிள்ளைகள் ஒரே மாதிரிக் கேள்விதான் கேட்கும். நான் போன் செய்தேன். தமிழும் கணக்கும் சொல்லித்தர வருகிறேன், சம்பளம் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து மூன்று பிள்ளைகளைக் கூட்டிவருவேன், அவர்களிடம் பணம் கேட்கக் கூடாது என்றேன். வலை பின்னுகிற வீட்டுப் பெண் ஒருத்தி. கோபாலப்பட்டினத்து அக்காள் தம்பி இரண்டு பேர். மூன்றும் அரசுப் பள்ளியில் படிக்கிறவை, பள்ளியை விடப்போவதில்லை. சனிக்கிழமை அவர்களுக்கு லீவு. மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கலந்துபேசிச் சொல்றோம் டீச்சர்" என்றார்கள். அந்தப் பத்து நாளும் மகள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. "உன் கண்டிஷனால என் பிள்ளைக்குக் கிடைச்ச இடமும் போயிரும்மா." போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். வேப்பமரத்தடியில் நின்ற காலுக்கு அந்த அளவு பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்.

போன வியாழக்கிழமை போன் வந்தது. மூன்று பிள்ளைகளும் வரலாம்.

சேர்ந்துவிட்டோம், ஒரு வருஷத்துக்கு. வருகிற சனிக்கிழமை ஏழேகால் பஸ்ஸில் நாங்கள் ஏழு பேர். முதல் பாடம் கீழ்வாய் இலக்கம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குத்தான் மாகாணிக்குக் கீழே வராதே. உங்கள் வீட்டுப் பரணில் பழைய எண்சுவடி அச்சுப் புத்தகம் கிடந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.