எங்கள் பிணங்களை எண்ணியது யார்?

அப்பத்தாவுக்குச் சாகும்வரை ஒரு பழக்கம் இருந்தது. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவாள். பாயில் கிடக்கும் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவாள். எண்ணி முடித்த பிறகும் நிறுத்த மாட்டாள். வெறும் சுவரைப் பார்த்து இன்னும் நான்கு எண்ணுவாள். சின்னப் பிள்ளைகள் நாங்கள் போர்வைக்குள் சிரித்திருக்கிறோம். அந்த நான்கு பேரும் 1942இல் பர்மாக் காட்டுப் பாதையில் விழுந்தவர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அவள் எண்ணினாள். வேறு எவன் எண்ணினான்?

1941 டிசம்பர் 23. ரங்கூன் வானத்தில் ஜப்பான் விமானங்கள். அன்றைய ரங்கூனில் பாதி சனத்துக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றியவன், அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவன், ரிக்‌ஷா இழுத்தவன், தெருக் கூட்டியவன் எல்லாம் நம்மவன். குண்டு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒளிய இடமும் இல்லை. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றார்கள். நின்ற இடத்திலேயே சிதறினார்கள். அந்த ஒரு நாளில் செத்தவர்கள் சுமார் 2,000 பேர். இரண்டே நாளில், கிறிஸ்துமஸ் அன்று, விமானங்கள் மறுபடி வந்தன.

ஜப்பானின் படைத்தலைவர்களே, செத்துப்போன உங்களைத்தான் கேட்கிறேன். உங்களுக்கு வேண்டியிருந்தது யேனாங்யாங் எண்ணெய். பர்மா அரிசி. லாஷியோ வழியாகச் சீனாவுக்கு ஆயுதம் போன சாலை. அதற்கு மூட்டை தூக்குகிறவன் தலையிலா குண்டு போடுவது? ‘ஆசியா ஆசியருக்கே’ என்று முழங்கிக்கொண்டு வந்தீர்களே, அப்பத்தாவைக் கட்டிய என் ஐயா எந்தக் கண்டத்து மனிதர்? மௌல்மீன் ஜனவரி 31இல் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூனுக்குள் நுழைந்தீர்கள். ஏப்ரல் 3இல் மண்டலேயைக் கொளுத்தினீர்கள். ரங்கூனை விட்டு ஓடியவர்கள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஊர் அது. ஓடுகிறவனை முன்னால் போய் மறித்து அடித்தீர்கள்.

வந்தவன் அப்படி. இருந்தவன் யோக்கியனா? ஏகாதிபத்தியம் கட்டிக்காப்பேன் என்று எங்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோன வெள்ளைச் சர்க்கார் என்ன செய்தது? முதல் குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பிய கூலிகளை, ஒன்றும் ஆகாது என்று சொல்லித் திரும்ப அழைத்து வந்தது. கூலிகள் போனால் கப்பலில் சரக்கு ஏற்ற ஆளில்லையாம். நடக்கத் தெம்புள்ள ஆண்களுக்கு வழி அடைக்கப்பட்டது. ஏழைக்குக் கட்டுப்படியான ஒரே சீட்டு டெக் டிக்கெட், அது குதிரைக்கொம்பாயிற்று. பணமும் தோலும் உள்ளவர்களைக் கப்பலும் விமானமும் ஏற்றிக்கொண்டு போயின. எங்களுக்குக் காலுக்குக் கீழே இருந்த மண் மட்டும்தான் மிச்சம்.

அந்த மண்ணிலும் பேதம் பார்த்தார்கள். இம்பாலுக்குப் போகும் வழியில் வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை. அவர்கள் போன பாதையில் கூடாரமும் உணவும் சுமையாளும் இருந்தன. எங்கள் பாதையில் வாந்திபேதி இருந்தது. இது கோபத்தில் நான் கட்டிய கதை அல்ல. அந்த வருஷமே அலகாபாத்தில் கூடிய காங்கிரஸ் கமிட்டி இந்தப் பாகுபாட்டைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

பர்மியர்களிடம் எனக்குள்ள பேச்சு வேறு. கடனில் மூழ்கிய உங்கள் நெல்வயல்களில் கால்வாசி செட்டியார் கடைகளின் கைக்குப் போனது உண்மை. உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடுகிறவர்கள் மேல் பாய்ந்த கத்திகள் யார் கழுத்தைத் தேடின? வட்டிக்குக் கொடுத்தவன் வேறு. கடன் பத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத கூலி வேறு. கத்திக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அப்பத்தா பேசினால் பாதையைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். தண்ணீரைப் பற்றித்தான் பேசுவாள். ஒரு குவளைத் தண்ணீருக்குக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாளாம். அந்தத் தண்ணீர் யாருக்கு என்பதில் அவளுக்கும் ஐயாவின் ஆத்தாவுக்கும் வழக்கு. “புள்ளைக்குக் குடு, நான் குடிச்சு என்னத்தக் கட்டிக்கப் போறேன்” என்றாளாம் கிழவி. கலேவாவைத் தாண்டி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தமுவில் ஐயாவைப் பேதி கொண்டுபோனது. மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் அளவு சேறு. மூன்று வயசு அத்தை இடுப்பிலேயே அடங்கிப்போனாள். கைப்பிள்ளையைப் பற்றி மட்டும் அப்பத்தா கடைசிவரை வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்படி நடந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். செத்தவர்கள் எத்தனை? 10,000 என்று ஒரு கணக்கு. 50,000 என்று இன்னொரு கணக்கு. அதற்கும் மேலே போகிறவர்களும் உண்டு. ஆட்டு மந்தையை எண்ணினால்கூட நாற்பதாயிரம் தலை பிசகாதே ஐயா! இத்தனைக்கும் அது எண்ணத் தெரியாத சர்க்கார் அல்ல. எதிரிக்குச் சிக்கக் கூடாதென்று யேனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தேடித் தேடி அழித்தது. சிரியம் சுத்திகரிப்பு ஆலையைக் கொளுத்தியது. கிணற்றுக்குக் கணக்கு வைத்திருந்தவர்களிடம் மனிதனுக்குக் கணக்கு இல்லை. நாங்கள் அவர்கள் ஏட்டில் சரக்காகக்கூட ஏறவில்லை.

இம்பாலிலும் கோகிமாவிலும் போர்க் கல்லறைகள் இருக்கின்றன. வெட்டிய புல், வரிசைக் கல், கல்லில் பெயர். அங்கே படுத்திருக்கும் சிப்பாய்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். ஆனால் அதே மலைச் சரிவில், அவர்களுக்கு இரண்டு வருஷம் முன்னால், துப்பாக்கி இல்லாமல் செத்தவர்களுக்கு எந்தக் கல்லில் பெயர்?

நம்மவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. ‘பராசக்தி’ படத்தின் நீதிமன்றக் காட்சி உங்களுக்கு மனப்பாடம். ரங்கூனில் அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு கப்பல் சீட்டுத்தான் கிடைத்தது என்பதும், மற்ற அண்ணன்மார் அகதிக் கூட்டத்தோடு நடந்து வந்தார்கள் என்பதும் நினைவிருக்கிறதா? 1952இல் அந்தப் படம் பார்த்தவர்களுக்கு அது கதை இல்லை, பத்து வருஷத்துக்கு முந்தைய வீட்டுச் சாவு. பர்மா பஜாரில் பேரம் பேசத் தெரிந்த நமக்கு, 1942இல் அந்தப் பர்மாவிலிருந்து எத்தனை பேர் நடந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பள்ளிப் புத்தகத்தில் ஹிரோஷிமா படித்தோம், லண்டன் குண்டுவீச்சு படித்தோம். தமு எங்கே இருக்கிறது என்று ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை.

எனக்கு இழப்பீடு வேண்டாம். வாங்கிக்கொள்ள அப்பத்தாவும் இல்லை. எண்ணிக்கை வேண்டும். சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர் என்று பர்மாவுக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் இன்னும் பழைய வீடுகள் இருக்கின்றன. டிரங்குப் பெட்டிகளில் பழைய கடுதாசிகள் இருக்கின்றன. பெயர் தெரிந்த கடைசிக் கிழவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால் அந்தச் சாவு இரண்டாம் தடவை நடக்கும். உங்கள் வீட்டிலிருந்து யார் புறப்பட்டார்கள், யார் வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். சர்க்கார் எழுதாத ஏட்டை நாம்தான் எழுத வேண்டும்.

முதல் வரி என் வீட்டுக் கணக்கு. ரங்கூனிலிருந்து புறப்பட்டவர்கள் ஏழு பேர். வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர்.