பிளேட்லெட்டை மட்டும் எண்ணாதீங்க, கசிவைப் பாருங்க

வெள்ளவத்தையிலயோ கொட்டாஞ்சேனையிலயோ ஒரு வீட்டில டெங்கு என்றால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எத்தனை?" பின்னாலேயே பப்பாசி இலைச் சாறும் வந்துவிடும்.

ஆனால் டெங்குவில் பெரும்பாலும் உயிரை எடுப்பது நீர்க்கசிவு. இரத்தக் குழாயிலிருந்து கசியும் நீர் நெஞ்சறையிலும் வயிற்றிலும் சேர்கிறது. காய்ச்சல் இறங்கி, "சுகம் வந்திட்டுது" என்று நாங்கள் ஆறுதலடையும் நேரத்தில்தான் அது தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அப்போது சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

அந்தக் கசிவைக் கட்டிலடியிலேயே ஸ்கான் பண்ணிச் சில நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். காலையில் இல்லாத நீர் இரவில் இருக்கலாம். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நோயாளியைத் தள்ளிக்கொண்டுபோய் ஸ்கான் அறை வரிசையில் விடுவது என்ன நியாயம்?

"அது கதிரியக்க நிபுணரின் வேலை" என்பார்கள். முழு அறிக்கை அவருடையதே. இங்கே கேள்வி ஒன்றுதான்: நீர் இருக்கா, இல்லையா? பயிற்சி பெற்ற வாட்டு டொக்டரே சொல்லலாம்.

"காசில்லை" என்பார்கள். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. அதிகம் கொழும்பு மாவட்டத்தில். மழைக்கு மழை வரும் நோய் இது, திடீர் விருந்தாளி இல்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு டெங்கு வாட்டுக்கும் ஒரு மெஷின், இரவு டியூட்டியிலும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு டொக்டர். நீங்களும் வாட்டில் நிற்கும்போது கேளுங்கள்: "கசிவு தொடங்கிட்டுதா? கடைசியா எப்ப ஸ்கான் பண்ணினீங்க?"