வீடு மட்டும் போதுமா?

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் என்று மனிதனின் தேவைகளை மூன்றாகச் சொல்லிப் பழகிவிட்டோம். இருக்க இடம் என்றால் நான்கு சுவரும் ஒரு கூரையும் என்றே நானும் எண்ணியிருந்தேன். அது தவறு என்று எனக்கு உணர்த்தியவர் என் அம்மாயி.

நம் கோவை பஞ்சாலைகளின் நகரம். 1888-இல் இங்கே முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. அவற்றைச் சுற்றி லைன் வீடுகளும் பெருகின. இந்தப் பக்கம் பத்து வீடு, எதிரே பத்து வீடு, நடுவே பொது வாசல், வாசலின் முனையில் ஒரே குழாய். அப்படி ஒரு லைனில்தான் நான் பதினாறு வயது வரை வளர்ந்தேன். அதைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். விடிந்தால் கழிப்பிடத்துக்கு வரிசை; மழை பெய்தால் ஓடு ஒழுகும்; குழாயடிச் சண்டைக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு நாள் அம்மாயி குடத்தோடு வரவில்லையென்றால், "ஏனுங்கம்மா, தண்ணிக்கு வரலீங்களா? மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று யாராவது வந்து கதவைத் தட்டிவிடுவார்கள்.

பின்னர் அந்த லைன் இடிபட்டது. நாங்கள் நகரின் ஓரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குடிபோனோம். வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. முதல் நாள் அம்மாயி குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது இன்னும் என் கண்முன் நிற்கிறது. சென்ற ஆண்டு ஒரு பகலில், நாங்கள் அனைவரும் வெளியே போயிருந்த நேரத்தில், அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மாலையில் நான் கல்லூரியிலிருந்து திரும்பும் வரை அப்படியே கிடந்தார். "சத்தம் போட்டுப் பாத்தேன் கண்ணு, ஆருக்குங் கேக்கல" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவு மருத்துவமனையில் உட்கார்ந்து யோசித்தேன். குழாயடி தண்ணீர் மட்டுமா தந்தது? நாளுக்கு இரண்டு முறை இருபது குடும்பங்களை ஒருவரை ஒருவர் பார்க்க வைத்தது. யாரும் அதற்காகத் திட்டமிடவில்லை. வசதிக் குறைவே அந்த வேலையைச் செய்தது. மீண்டும் குழாயடி வரிசைக்குப் போவோம் என்று நான் சொல்லவில்லை. குடம் சுமந்த பெண்களின் இடுப்பைக் கேட்டால் தெரியும், அது எவ்வளவு பெரிய தண்டனை என்று. ஆனால் குழாயடி தற்செயலாகச் செய்ததை, இனி வீடு கட்டுவோர் திட்டமிட்டுச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய நிறுவனம், தமிழகமெங்கும் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடுகளைக் கட்டித் தந்துள்ளது. நம் நகரின் குளக்கரைகளில் குடியிருந்த குடும்பங்கள் பல, கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் குடிபெயர்ந்துள்ளன. ஒழுகாத கூரை கிடைத்தது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றி மறப்பதாகும். ஆயினும் குலுக்கலில் சீட்டு எடுத்து வீடு ஒதுக்கும்போது, முப்பது ஆண்டுகள் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர் வேறொரு கட்டடத்துக்குப் போய்விடுகிறாரே! வேலைக்குப் போகும் தாய் குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வாள்? அவசரத்துக்கு நூறு ரூபாய் யாரிடம் கைமாற்று கேட்பாள்? உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சமூகத் தொடர்பு பற்றி ஆராயத் தனி ஆணையம் அமைத்தது. தனிமை உடலையும் கெடுக்கும் என்று இன்று மருத்துவமே ஒப்புக்கொள்கிறது.

"அந்தக் காலத்துத் திண்ணை போயிற்றே" என்று பெரியவர்கள் சிலர் ஏங்குவதுண்டு. அவர்களிடம் பணிவோடு ஒன்று சொல்வேன். கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த என் தந்தை அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்தவர் அல்லர். வாசலுக்கு வெளியே நின்றவர். ஊர் ஒரு பக்கம், எங்கள் வளவு ஒரு பக்கம். எனவே பழைய திண்ணையை அப்படியே திரும்பக் கேட்க எனக்கு மனமில்லை. எல்லோரும் உட்காரக்கூடிய திண்ணை வேண்டும்.

அது முடியாத காரியமா? நம் தமிழகத்திலேயே 1997-இல் சமத்துவபுரம் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. சாதி அதனால் ஒழிந்துவிட்டது என்று நான் கூறவில்லை. ஆனால் அடுத்த வீட்டில் யார் வாழ்வார் என்பதையும் அரசு சிந்திக்க முடியும் என்பதற்கு அது சான்றன்றோ?

நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். 1960-இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில்தான் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்கின்றனர். அங்கே பல கட்டடங்களின் தரைத்தளத்தில் வீடு இல்லை. தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த வெளி உண்டு. மலாய்க்காரர் திருமணமும் சீனர் துக்கமும் அங்கேயே நடக்கின்றன. முதியோர் அமர்ந்து பேசுகின்றனர். 1989 முதல், ஓர் இனத்தவரே ஒரு கட்டடத்தை நிறைத்துவிடாதபடி வரம்பும் வைத்துள்ளனர்.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. குடிபெயர்க்கும்போது பக்கத்து வீட்டார் சேர்ந்தே விண்ணப்பிக்கவும், சேர்ந்தே ஒரு தளத்தில் குடியேறவும் வழி செய்யுங்கள். முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் தரைத்தளத்தில் வீடு கொடுங்கள். ஒவ்வொரு கட்டடத்தின் கீழும் நிழலும் இருக்கையும் உள்ள பொது இடம் ஒன்றை விடுங்கள். அதை வண்டி நிறுத்துமிடமாக மாற்ற விடாதீர்கள். பழகிய அண்டை வீட்டாரைப் பிரிக்காதீர்கள். புதிய அண்டை வீட்டாரைச் சாதி பார்த்து ஒதுக்காதீர்கள்.

மாணவத் தோழர்களே! அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்க வேண்டுமா? நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், சாலை கூட்டுகிறோம். அடுத்த முகாமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்று, பகலில் தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவோம். நான் அதைத் தொடங்கிவிட்டேன். எங்கள் கட்டடத்தில் ஆறு பேர். இப்போது அம்மாயியின் கதவைக் காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா தட்டுகிறார். மாலையில் அவர் பிள்ளைக்கு நான் கணக்குச் சொல்லித் தருகிறேன்.