சைகோன் ஆற்றில் ஒரு மாலை

 

வியட்நாம் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு யுத்தம்தான் நினைவுக்கு வரும். 1975 ஏப்ரல் 30 இல் முடிவுற்ற அந்த யுத்தத்தின் செய்திகளை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். இன்றைய பிள்ளைகளுக்கோ அது விடுமுறைக்குப் போய்வரக்கூடிய ஒரு நாடு. 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவரும் இணையத்தின் மூலமே அந்நாட்டு விசாவைப் பெறலாம் என்றாகிவிட்டது. ஒருமுறை நுழைவதற்கான கட்டணம் 25 அமெரிக்க டொலர்.

அங்கே போகும் குடும்பங்கள் பெரும்பாலும் இறங்கும் இடம் ஹோ சி மின் நகரம். 1976 வரை அதன் பெயர் சைகோன். ஊரவர்கள் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நகரைத் தழுவிக்கொண்டு ஓடும் ஆற்றின் பெயரும் சைகோன்தான். அந்த ஆற்றில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையைக் கைப்பணமும் கரையாமல், தொழுகையும் தவறாமல், உணவிலும் சந்தேகம் கலக்காமல் நிறைவேற்றிக் கொள்வது எப்படி? இம்மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறோம்.

மின்விளக்குக் கப்பலும் நாமும்

ஹோட்டலில் விசாரித்தால் முதலில் உங்கள் கையில் தருவது இரவு உணவுக் கப்பலின் விளம்பரத்தைத்தான். பல வண்ண விளக்குகள், இசை, நடனம், மேசை நிறைய உணவு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் உம்மாவும் வாப்பாவும் இரண்டு விடயங்களை யோசிக்க வேண்டும்.

ஒன்று, செலவு. கப்பலுக்குக் கப்பல் விலை மாறும். தலைக்கு ஐந்து இலட்சம் டொங் என்று வைத்துக்கொண்டாலே ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 25 இலட்சம் டொங். ஒரு டொலருக்கு ஏறத்தாழ 26,000 டொங் என்ற கணக்கில் அது 96 டொலர். ஒரே இரவில், ஒரே வேளை உணவுக்கு!

மற்றையது அதைவிட முக்கியமானது. அந்தக் கப்பல்களில் பன்றி இறைச்சியும் ஏனைய உணவும் ஒரே சமையலறையில் தயாராவது வழமை. பக்கத்து மேசையில் பியர் போத்தல் திறக்கப்படும். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் அல்லவா? "நாங்கள் மீன் மட்டும்தானே சாப்பிடுகிறோம்" என்று சமாதானம் சொல்லிக் கொண்டு 96 டொலரையும் கொடுத்துவிட்டு மனம் உறுத்த உட்கார்ந்திருப்பதில் என்ன இன்பம் இருக்கப் போகிறது?

ஆற்றில் ஓடும் பஸ்

அல்ஹம்துலில்லாஹ், அதே ஆற்றில் வேறொரு வழியும் இருக்கிறது. 2017 நவம்பரில் இந்நகரில் நீர்ப் பேருந்துச் சேவை ஒன்று தொடங்கப்பட்டது. ஊர் மக்கள் வேலைக்கும் வீட்டுக்கும் போய்வருவதற்கென்று ஏற்பட்ட மஞ்சள் நிறப் படகுகள் இவை. நகரின் நடுவிலுள்ள பாக் டாங் துறையிலிருந்து வடக்கே லின் டோங் வரை ஏறத்தாழ 11 கிலோமீற்றர் தூரம். ஒருவழிக் கட்டணம் 15,000 டொங் என்று ஆரம்பித்து, பல வருடங்களாக அதே தொகைதான் வாங்கப்பட்டு வந்தது. போகும்போது துறையில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். 15,000 டொங் கட்டணத்தில் போய்வர ஒருவருக்கு 30,000; ஐவருக்கு 150,000. அதாவது ஆறு டொலருக்கும் சற்றுக் குறைவு. ஆறு ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான், வானமும் ஒன்றுதான். விலைதான் வேறு.

படகில் சாப்பாடும் இல்லை, ஆடல் பாடலும் இல்லை. பாடசாலைப் பிள்ளைகள், வேலை முடிந்து வரும் பெண்கள், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்த மூதாட்டிகள், நம்மைப் போன்ற பயணிகள் என்று எல்லோரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். பர்தாவோடு போகும் நம் சகோதரிகளும் கூச்சமின்றி ஒரு ஓரத்தில் அமர்ந்து வரலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். மாலை நேரத்து ஆசனங்கள், அதிலும் வார இறுதியில், விரைவில் நிரம்பிவிடும். காலையிலேயே துறைக்குப் போய், போகவும் வரவும் இரண்டு டிக்கட்டுகளையும் சேர்த்தே எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். டிக்கட்டில் குறித்த நேரத்துக்குக் கால் மணி நேரம் முந்திப் போய்விட வேண்டும்.

வழியில் பார்ப்பவை

பாக் டாங் துறைக்கு எதிரே உயர்ந்த பீடத்தில் ஆற்றை நோக்கிக் கைநீட்டி நிற்கும் சிலை, தளபதி த்ரான் ஹுங் டாவோவினுடையது. 1288 இல் வட வியட்நாமின் பாக் டாங் ஆற்றில் மொங்கோலியக் கடற்படையை முறியடித்தவர் அவர். துறைக்கும் அந்த ஆற்றின் பெயர்தான்.

தெற்குப் பக்கம் திரும்பினால் சற்றுத் தூரத்தில் ஞா ரோங் துறை இருக்கிறது. 1911 ஜூன் 5 இல் ஓர் இளைஞர் அங்கிருந்து பிரெஞ்சுக் கப்பலொன்றில் சமையற்கட்டு உதவியாளராகப் புறப்பட்டார். அவர் நாடு திரும்ப முப்பது ஆண்டுகளாயின. அவர்தான் பின்னாளில் ஹோ சி மின் என்று உலகம் அறிந்த தலைவர்.

படகு வடக்கே புறப்பட்டதும் தலைக்கு மேலே பா சோன் பாலம் வரும். 2022 இல் திறக்கப்பட்ட இப்பாலம் ஒரே கோபுரத்திலிருந்து இழுத்துக் கட்டிய கம்பிகளில் நிற்கிறது. வலப் பக்கம் தூ தியெம். முன்பெல்லாம் அக்கரைக்குப் போக மக்கள் தோணியையும் பாதைப் படகையும்தான் நம்பியிருந்தார்கள். 2011 நவம்பரில் ஆற்றுக்கு அடியிலான சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பின் அந்தப் படகுச் சேவை நின்றுபோனது. மேலும் போனால் இடப் பக்கம் 461 மீற்றர் உயரமான 81 மாடிக் கட்டடம் வானத்தைத் தொட்டு நிற்கும். அதைத் தாண்டி சைகோன் பாலம். அதன் அருகாலேயே 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலும் ஆற்றைக் கடந்து போகும்.

அதன்பின் காட்சி மாறிவிடும். மாடிகள் குறையும், மரங்கள் கூடும். தான் டா என்ற இடத்தில் ஆறு பெரியதொரு வளைவாகத் திரும்புகிறது. கரையோரம் நிப்பா மட்டைகள் ஆடும். நீரில் ஆகாயத் தாமரைக் கூட்டங்கள் பச்சைப் பாய்களாக மிதந்து வரும். பிள்ளைகளிடம் அவற்றைக் காட்டி, எந்தத் திசையில் போகின்றன என்று கவனிக்கச் சொல்லுங்கள். கடல் வற்றுப் பெருக்கு இந்த ஆற்றினுள்ளே ஏறி வருகிறது. சில மணி நேரம் கடலை நோக்கி ஓடும் நீர், பின்னர் திரும்பி மேல்நோக்கி ஓடும். கடலையும் ஆற்றையும் ஒழுங்குபடுத்திய வல்லவனைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச இதைவிட நல்ல வகுப்பறை எங்கே கிடைக்கும்? வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவையும், நபி நூஹ் (அலை) அவர்கள் கப்பலில் ஏறியபோது சொன்னதையும் அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம்.

மஃரிப் தொழுகை

மாலைப் பயணம் என்றால் நமக்கு வரும் முதல் கவலை மஃரிப். ஹோ சி மின் நகரில் வருடம் முழுவதும் சூரியன் மறைவது ஏறக்குறைய 5.25 இற்கும் 6.20 இற்கும் இடையில்தான். நவம்பர் இறுதியில் முந்தும், ஜூலையில் பிந்தும். (அங்கே நேரம் நம் நாட்டைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்தியது.) லின் டோங் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். ஆகவே முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

சூரியன் மறையும் அழகைப் பார்க்க விரும்புவோர் அஸரைத் தொழுதுவிட்டு, மறைவதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே ஏறி, பாதி வழியான தான் டா வரை மட்டும் போய்த் திரும்பலாம். திரும்பும் படகின் நேரத்தை முன்பே கேட்டு வைத்தால், கரைக்கு வந்து மஃரிபை உரிய நேரத்தில் தொழலாம். நகரின் விளக்குகளைப் பார்க்க விரும்புவோர் மஃரிபைத் தொழுதுவிட்டே படகேறலாம்.

ஷாஃபிஈ மத்ஹபின்படி பிரயாணி மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் சலுகை இருக்கிறது. மஃரிபைப் பிற்படுத்துவதானால் மஃரிபின் நேரத்துக்குள்ளேயே அதற்கான நிய்யத் வைத்துவிட வேண்டும். ஆனால் வந்த நாளும் போகும் நாளும் தவிர்த்து நான்கு நாட்கள் ஓரூரில் தங்க நிய்யத் வைத்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நம்மவர் கட்டிய பள்ளிவாசல்

எங்கே தொழுவது என்று கேட்கிறீர்களா? துறையிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே, டோங் டு வீதியின 66 ஆம் இலக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. நான்கு மினாராக்களோடு, வானளாவிய ஹோட்டல்களுக்கு நடுவில் அமைதியாக நிற்கிறது. பழைய பள்ளியொன்று இருந்த இடத்தில் 1935 இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது இது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்தும் ஏனைய தமிழ்க் கரைகளிலிருந்தும் வணிகத்துக்காகச் சைகோன் போனவர்கள் பலர். நகரின் சீனர் பகுதியான சோலோனிலும் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஒரு பள்ளி இருக்கிறது. துணி விற்றும், நாணயம் மாற்றியும் பிழைத்த மக்கள் அவர்கள். தாங்கள் சம்பாதித்ததில் ஒரு பங்கை அல்லாஹ்வின் வீட்டுக்காக ஒதுக்கினார்கள். 1975 இற்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். கடைகள் போயின, பெயர்ப்பலகைகள் போயின. பள்ளி மட்டும் நிற்கிறது. இன்று சாம் முஸ்லிம்களும், மலேசிய, இந்தோனேசியப் பயணிகளும், நாமும் அங்கே ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். சாம் மக்களும் நம்மைப் போல் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள்தான்.

அங்கே தொழும்போது, நம் மொழியைப் பேசிய அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுக்காக ஒரு துஆச் செய்யுங்கள். ஸதகத்துல் ஜாரியா என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்கவும் அந்த இடமே போதும்.

சாப்பாடும் சில எச்சரிக்கைகளும்

பள்ளியின் அயலில் ஹலால் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பென் தான் சந்தைக்கு அருகே ங்குயென் ஆன் நின் வீதியிலும் மலேசியப் பயணிகளுக்கான ஹலால் கடைகள் பல இருக்கின்றன. வேறு இடத்தில் மாட்டிக்கொண்டால் "சாய்" என்று எழுதிய பௌத்த சைவ உணவுக் கடையைத் தேடுங்கள். "தோய் கொம் ஆன் தித் ஹெயோ" என்றால் "நான் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை" என்று பொருள். இதைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கி வையுங்கள்.

பணத்தில் கவனம் தேவை. 20,000 டொங் தாளும் 500,000 டொங் தாளும் இரண்டும் நீல நிறம். அவசரத்தில் மாறிப்போனால் ஒன்றுக்கு இருபத்தைந்து மடங்கு கொடுத்துவிடுவீர்கள். இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள். வீதியோரத்தில் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்துப் படம் எடுக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. வீதியைக் கடக்கும்போது ஓடவும் வேண்டாம், இடையில் நிற்கவும் வேண்டாம். பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சீராக நடங்கள். மே முதல் நவம்பர் வரை பின்னேரத்தில் மழை பிடிக்கும். குடை எடுத்துப் போங்கள். 2025 ஜூலை முதல் நகரின் பழைய மாவட்டப் பிரிவுகள் நீக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் "முதலாம் மாவட்டம்" என்று சொன்னால் வாடகை வண்டிக்காரர் புரிந்துகொள்வார்.

சிக்கனமும் கஞ்சத்தனமும்

குறைந்த செலவில் போவதைக் குறைவாக நினைக்கும் பழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. அடுத்த வீட்டார் கப்பலில் சாப்பிட்ட படத்தைக் காட்டினால் நமக்கும் அதே வேண்டும் என்று தோன்றுகிறது. சிலர் கடன் பட்டும் போகிறார்கள். வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது, இரண்டுக்கும் நடுவே நில்லுங்கள் என்றுதான் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பிள்ளைகளை ஆற்றுக்கே கூட்டிப் போகாமல் அறையில் அடைத்து வைப்பது நடுநிலை அல்ல. ஒரே இரவில் 96 டொலரைக் கரைப்பதும் நடுநிலை அல்ல.

மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை அந்தப் பள்ளிவாசலின் உண்டியலில் போடுங்கள். பிள்ளைகளின் கையாலேயே போட வையுங்கள். தொண்ணூறு வருடங்களுக்கு முன் யாரோ போட்ட காசில்தான் இன்று நமக்கு அங்கே ஸுஜூது செய்ய ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் இன்னோர் ஊரில் சந்திப்போம். வஸ்ஸலாம்.