309 ஓட்டங்களால் வென்றவர்கள்

அறுவடை முடிந்த வயலில் பொடியன்மார் கிரிக்கெட் ஆடுவதை வேலிக்கு இப்பால் நின்று பார்க்காத பெண் வரிப்பத்தான்சேனையில் இருக்கமாட்டாள். சனத் ஜயசூரியவின் பெயர் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சமனி செனவிரத்னவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும், சகோதரிகளே?

1998 ஏப்ரலில் கொழும்பு கோல்ட்ஸ் மைதானத்தில் இலங்கைப் பெண்கள் அணியும் பாகிஸ்தான் பெண்கள் அணியும் டெஸ்ட் போட்டியொன்றில் மோதின. இரு அணிக்கும் அதுவே முதல் டெஸ்ட். ஒவ்வோர் அணியும் இரண்டு தடவை துடுப்பெடுத்தாடும், நாள்கணக்கில் நீளும் ஆட்டம் அது. இலங்கை 309 ஓட்டங்களால் வென்றது. நல்லதோர் அணி ஒரு இன்னிங்ஸ் முழுக்க நின்று சேர்க்கும் ஓட்டம், இங்கே வெறும் வித்தியாசமாகக் கிடந்தது. சமனி ஆட்டமிழக்காமல் 105 ஓட்டங்கள் பெற்றார். பந்துவீசி 7 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார்.

ஒரு பக்கம் சாய்ந்த ஆட்டம்தான். ஆனால் தோற்றவர்களின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

பாகிஸ்தானில் பெண்கள் அணியை உருவாக்கியவர்கள் ஷைஸா கான், ஷர்மீன் கான் என்ற சகோதரிகள். பெண்பிள்ளைகள் மைதானத்தில் இறங்குவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. கொலை மிரட்டலும் வந்தது. அதையெல்லாம் தாண்டி 1997 ஜனவரியில் நியூசிலாந்துக்குப் போனார்கள். கிறைஸ்ட்சேர்ச்சில் நடந்த இரண்டாவது ஆட்டத்திலேயே நியூசிலாந்து 455 ஓட்டங்களைக் குவித்தது. இவர்கள் எடுத்தது 47. அடுத்த மாதம் மெல்பேர்னில் அவுஸ்திரேலியா 397, பாகிஸ்தான் 23. ஆம், அணி முழுவதற்கும் சேர்த்து 23!

சிரிப்பது சுலபம். அந்த இரண்டு நாட்டுப் பெண்களும் 1930களிலிருந்தே டெஸ்ட் ஆடி வந்தவர்கள். எதிரே நின்றவர்களோ சர்வதேச ஆட்டத்துக்கே அந்த ஜனவரியில்தான் வந்தவர்கள். என்னைக் கேட்டால், 23 ஓட்டங்களுக்குச் சுருண்ட பிறகும் அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து இறங்கினார்களே, அதுதான் பெரிய விஷயம்.

கொழும்பில் தோற்றார்கள். 2000ஆம் ஆண்டு டப்ளினில் அயர்லாந்திடம் அதைவிட மோசமாக, இன்னிங்ஸ் தோல்வியே கண்டார்கள். 2004 மார்ச்சில் கராச்சியில் மேற்கிந்தியத் தீவுகளுடன் மூன்றாவது டெஸ்ட். அதில் கிரண் பலூச் 242 ஓட்டங்கள் எடுத்தார். கொழும்பில் தோற்ற அணியில் இருந்த அதே கிரண். பெண்கள் டெஸ்டில் ஒருவர் ஒரே இன்னிங்ஸில் பெற்ற ஆகக்கூடிய ஓட்டம் இன்றும் அதுதான். அணித் தலைவி ஷைஸா அந்த ஆட்டத்தில் 13 விக்கெட்டுகளை எடுத்தார்.

அதன் பிறகு பாகிஸ்தான் பெண்களுக்கும் டெஸ்ட் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர்களுக்கு மூன்று கிடைத்தது. 309 ஓட்டங்களால் வென்ற நம் பெண்களுக்கு? அந்த ஒன்றோடு சரி. ஒருநாள் ஆட்டமும் இருபது ஓவர் ஆட்டமும் தந்தார்கள். அதிலே கெட்டிக்காரிகளாகி 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தையும் தூக்கினார்கள். டெஸ்ட் மட்டும் வரவில்லை. நிவாரண வரிசையில் நின்ற நமக்கு “அடுத்த முறை பார்ப்போம்” என்ற பதில் புதிதல்ல. தோற்றவர்களுக்குத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

சமனி பிறகு ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய், அந்நாட்டு அணிக்கும் ஆடினார். டெஸ்ட் கணக்கில் அவர் பெயருக்கு நேரே போட்டிகள் 1, சதம் 1 என்றிருக்கிறது.